'வரவேயில்லை'யில் இருக்கிற ஏகாரம்தான் 'அட் ஆல்'

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் 'அட் ஆல்' என்ற ஆங்கிலத் தொடருக்கு 'முழுவதும், எல்லாவற்றிலும்' என்று பொருள் போட்டிருந்தார்கள். ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம்கூட இல்லை. அந்தப் பொருளை நம்பி எழுதும் பிள்ளை 'ஐ லைக் பிரியாணி அட் ஆல்' என்றுதான் எழுதும். பிரியாணியை முழுவதும் பிடிக்கும் என்று கணக்கு. பிள்ளையின் மேல் குற்றம் சொல்ல முடியாது. கொடுத்த வாய்பாட்டுக்கு விடை அப்படித்தான் வரும்.

துறைமுகத்தைச் சுற்றியுள்ள சரக்கு அலுவலகங்களிலும், எம்.சி. ரோடு துணிக்கடைகளிலும், மணலி, மாதவரம் கிடங்குகளிலும் வேலை பார்ப்பவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறவர்கள் நாங்கள். இந்த ஒரு தொடர் அவர்களை எங்கெங்கே தடுக்கி விடுகிறது என்று தெரிந்ததால் எழுதுகிறோம்.

நியாயமாகப் பார்த்தால் 'முழுவதும்' என்பது ஒரு காலத்தில் சரியான பொருள்தான். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'அட் ஆல்' சாதாரண உடன்பாட்டு வாக்கியத்திலும் வந்தது. முற்றிலும், எல்லா வகையிலும் என்று பொருள் தந்தது. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக 'இல்லை'யின் பக்கம் ஒதுங்கி, பெரும்பாலும் எதிர்மறையிலும் கேள்வியிலும் 'இஃப்' வருகிற 'ஆனால்-போனால்' வாக்கியங்களிலும் வாழத் தொடங்கியது. ஆகவே உங்கள் பக்கத்தில் வந்த பொருள் தவறென்று சொல்ல மாட்டோம், சுமார் 600 ஆண்டு தாமதமாக வந்திருக்கிறது.

தமிழருக்கு இதை விளக்க அகராதியே வேண்டாம். 'வரவில்லை', 'வரவேயில்லை' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் நுழைந்த அந்த ஒற்றை ஏகாரம் செய்கிற வேலையைத்தான் ஆங்கிலத்தில் 'அட் ஆல்' செய்கிறது. தொல்காப்பியம் ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என்று ஐந்து பொருள் சொல்கிறது. அதில் முதலாவதான தேற்றம், அதாவது உறுதிப்படுத்துவது, இங்கே நமக்கு வேண்டியது. 'வர்ல', 'வரவே இல்ல' என்று நாள் முழுக்கப் பேசுகிற பிள்ளைக்கு இந்த வேறுபாடு ஏற்கெனவே வாயில் இருக்கிறது. அதைத் தொட்டுக் காட்டினால் போதும்.

ஒரு வேடிக்கை: நாம் 'இல்லவே இல்லை' என்று இரட்டித்து அடித்துச் சொல்வது போல, அயர்லாந்துக்காரர்களின் ஆங்கிலத்தில் 'அட் ஆல் அட் ஆல்' என்று இரட்டிப்பதும் உண்டு. தேர்வுத்தாளில் எழுதினால் மதிப்பெண் போகும். காதில் விழுந்தால் திகைக்க வேண்டாம்.

இனி, பொருள் தெரிந்த பிறகும் வருகிற பிழைக்கு வருவோம். சரக்கு அலுவலகத்திலிருந்து போகிற மின்னஞ்சல்களில் இந்த வாக்கியம் அடிக்கடி தென்படும்: 'தி கன்டெய்னர் ஹாஸ் நாட் அட் ஆல் அரைவ்ட்.' ஏன் இப்படி வருகிறது? தமிழில் 'வர', 'ஏ', 'இல்லை' என்று ஏகாரம் 'இல்லை'க்கு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அதே பழக்கத்தில் பிள்ளை 'நாட்'டுக்குப் பக்கத்திலேயே 'அட் ஆல்' என்பதை ஒட்டி வைக்கிறது. ஆங்கிலத்தில் 'நாட்' தன் இடத்தில் துணைவினையோடு நிற்கும். 'அட் ஆல்' வினை முடிந்த பிறகு கடைசியில் வரும். 'தி கன்டெய்னர் ஹாஸ் நாட் அரைவ்ட் அட் ஆல்.' இரண்டுக்கும் நடுவில் வினை புகுந்துவிட வேண்டும். பழைய எழுத்து நடையில் 'நாட்'டும் 'அட் ஆல்'லும் சேர்ந்து வினைக்கு முன்னால் வருவது உண்டு என்று யாராவது வாதிடலாம். உண்டுதான். கன்டெய்னர் எங்கே என்று கேட்கிற மின்னஞ்சலுக்கு அந்த நடை தேவையில்லை.

வினைக்குச் செயப்படுபொருள் இருந்தால் அதையும் தாண்டித்தான் போக வேண்டும். 'வி டிட் நாட் ரிசீவ் தி டாக்குமென்ட்ஸ் அட் ஆல்' சரி. 'ரிசீவ்'வுக்கும் 'டாக்குமென்ட்ஸ்'க்கும் நடுவில் 'அட் ஆல்' என்று செருகினால் காதில் நறுக்கென்று இடிக்கும். காலம் குறிக்கிற சொல் இருந்தால் அது 'அட் ஆல்'லுக்குப் பின்னால் நிற்கலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் மாட்டிக்கொண்ட வண்டியைப் பற்றி 'ட்ரெய்லர் இன்னிக்கு நகரவே இல்ல' என்று ஓட்டுநர் போனில் சொல்வதை 'தி ட்ரெய்லர் டிட் நாட் மூவ் அட் ஆல் டுடே' என்று எழுதலாம்.

பெயர்ச்சொல்லோடு வந்தால் வேலை சுலபம். பெயருக்கு நேர் பின்னால் வை, முடிந்தது: 'நோ டேமேஜ் அட் ஆல்', 'நத்திங் அட் ஆல்', 'நோபடி அட் ஆல்'. ஒரு சேதமும் இல்லை, ஒண்ணுமே இல்லை, ஒருத்தருமே இல்லை.

குழப்பத்துக்கு விதை எங்கே விழுகிறது என்றால் பெயரடையில். 'ஹி இஸ் நாட் ஹாப்பி அட் ஆல்', 'ஹி இஸ் நாட் அட் ஆல் ஹாப்பி' இரண்டும் சரி. பள்ளியில் இரண்டாவதைப் பாடம் பண்ணிவிட்டு, அதே அச்சில் 'அரைவ்ட்'டையும் 'ரிசீவ்ட்'டையும் ஊற்றுகிறார்கள். பெயரடைக்கு இரண்டு இடம், வினைக்குக் கடைசி இடம் என்று பிரித்துச் சொல்லிவிட்டால் இந்தப் பிழை பெரும்பாலும் ஒழிந்துவிடும்.

அடுத்தது பணம் சம்பந்தப்பட்டது. 'நாட் ஆல்', 'நாட் அட் ஆல்'. நடுவில் இருப்பது ஒரு சின்ன 'அட்'. 40 பெட்டி இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நாட் ஆல் தி பாக்ஸஸ் ஆர் டேமேஜ்டு' என்று எழுதினால் சில பெட்டிகளாவது உடைந்திருக்கின்றன என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். 'தி பாக்ஸஸ் ஆர் நாட் டேமேஜ்டு அட் ஆல்' என்றால் 40 பெட்டியும் நன்றாக இருக்கின்றன, கீறல்கூட இல்லை. முதலாவதை எழுதினால் இழப்பீட்டுக் கோரிக்கைக்கு வழி திறக்கும், இரண்டாவது அதை மூடும். நம்மவர் பலர் எழுதுவது மூன்றாவது வகை: 'ஆல் தி பாக்ஸஸ் ஆர் நாட் டேமேஜ்டு.' இதைச் 'சில உடைந்தன' என்றும் படிக்கலாம், 'ஒன்றும் உடையவில்லை' என்றும் படிக்கலாம். காப்பீட்டுக்காரர் தனக்கு வசதியானபடிதான் படிப்பார்.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதல்ல. 'பத்தும் கொடால்' என்று தொல்காப்பிய உரைகளில் ஓர் எடுத்துக்காட்டு வரும். பத்தையும் கொடுக்காதே, சிலவற்றைக் கொடு என்ற பொருளும் அதில் கிடக்கிறது என்பார்கள். முற்றும்மை, அதாவது 'எல்லாம்' என்று முழுமை காட்டுகிற 'உம்', எதிர்மறையோடு சேர்ந்தால் எச்சமாகி, அதாவது 'மிச்சம் உண்டு' என்று காட்டுவதாகி விடக்கூடும் என்று நம் இலக்கணக்காரர்கள் அன்றைக்கே கண்டுவிட்டார்கள். 'எல்லாப் பெட்டியும் உடையல' என்று போனில் சொன்னால் இன்றைக்கும் அதே சங்கடம். ஒன்றுமே உடையவில்லை என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் 'ஒரு பெட்டிகூட உடையல' என்போம். அந்தக் 'கூட' இருக்கிறதே, அதுவும் 'அட் ஆல்'லின் சொந்தக்காரன்தான்.

சொந்தக்காரர்கள் இன்னும் உண்டு: துளியும், சற்றும், அறவே, கொஞ்சங்கூட. எங்கள் பக்கத்தில் எல்லாவற்றையும்விட அதிகம் புழங்குவது 'சுத்தமா'. 'சுத்தமா புரியல', 'கையில சுத்தமா காசு இல்ல'. இதுவும் 'முழுவதும்' என்ற இடத்தில் தொடங்கி 'இல்லை'யோடு கூட்டுச் சேர்ந்த சொல்தான். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 'சுத்தமா மறந்துட்டேன்' என்றும் சொல்வோம் அல்லவா? அதை அப்படியே 'ஐ ஃபர்காட் அட் ஆல்' என்று மாற்றுகிறார்கள். மறப்பதில் ஓர் இல்லாமை ஒளிந்திருந்தாலும் 'ஃபர்காட்' உடன்பாட்டு வினை. 'அட் ஆல்' அங்கே நிற்காது. 'ஐ கம்ப்ளீட்லி ஃபர்காட்' என்று சொல்ல வேண்டும். அதையே 'ஞாபகமே இல்ல' என்று திருப்பிப் போட்டால் 'ஐ டோன்ட் ரிமெம்பர் அட் ஆல்'. மனதுக்குள் தமிழ் வாக்கியத்தில் 'இல்லை' தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டால் பாதிக்கு மேல் தப்பிக்கலாம்.

பாதிக்கு மேல் என்றுதான் சொல்கிறோம். 'இல்லை' வெளிப்படையாக இல்லாமலே 'அட் ஆல்' வருகிற இடங்கள் உண்டு. 'வித்தவுட்', 'ஹார்ட்லி' போன்ற சொற்களுக்குள்ளேயே இல்லாமை இருக்கிறது. 'வித்தவுட் எனி ரீசன் அட் ஆல்' என்றால் எந்தக் காரணமுமே இல்லாமல். 'ஹி ஹார்ட்லி ஸ்போக் அட் ஆல்' என்றால் பேசினான் என்றே சொல்ல முடியாது. இதைவிட அழகானது இன்னொன்று. கல்யாணத்துக்கு வர மாட்டார் என்று நினைத்த பெரியப்பா வந்து நிற்கிறார். சாப்பிடவில்லை, மொய் வைக்கவில்லை, அரை மணியில் கிளம்பிவிட்டார். வீட்டில் என்ன சொல்வார்கள்? 'அவரு வந்ததே பெரிசு.' ஆங்கிலத்தில்: 'இட்ஸ் எ வொண்டர் ஹி கேம் அட் ஆல்.' வந்தார், உண்மை. ஆனால் வராமல் போயிருக்க வேண்டியவர் என்ற எண்ணம் பின்னால் நிற்கிறது. அந்த எண்ணத்தைத்தான் இங்கே ஏகாரம் பிடிக்கிறது, 'அட் ஆல்'லும் பிடிக்கிறது. 'வந்ததே' என்ற ஒரு சொல்லை வைத்து இதைச் சொல்லிக் கொடுத்தால் எந்த இலக்கணப் புத்தகமும் வேண்டாம்.

கேள்வியில் வரும்போது 'கொஞ்சமாவது' என்ற சாயல் ஏறும். 'டிட் யு ஸ்லீப் அட் ஆல்?' என்று காய்ச்சலில் கிடப்பவரைக் கேட்டால் அக்கறை: கொஞ்சமாவது தூங்குனீங்களா? 'டு யு நோ எனிதிங் அட் ஆல்?' என்று உடன் வேலை பார்ப்பவரைக் கேட்டால் அடிதடி: உனக்கு ஏதாவது தெரியுமா, தெரியாதா? வாக்கியத்தின் அமைப்பு ஒன்றுதான். வாடிக்கையாளருக்குப் போகிற மின்னஞ்சலில் 'ஹேவ் யு ரெட் மை மெயில் அட் ஆல்?' என்று எழுதாதீர்கள். எழுதியவருக்கு அது அழுத்தமாகத் தெரியும். படிக்கிறவருக்குக் குத்தலாகத்தான் படும். 'அட் ஆல்' என்பதை எடுத்துவிட்டு, முன்னால் 'ப்ளீஸ்' போட்டு வேறு மாதிரி கேளுங்கள்.

இதற்கு நேர்மாறாக, 'எனி' என்ற சொல்லோடு சேரும்போது 'அட் ஆல்' தாராள மனசைக் காட்டும். 'கால் மி எனி டைம் அட் ஆல்' என்றால் எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க. 'ஆஸ்க் மி எனிதிங் அட் ஆல்' என்றால் எதுவா இருந்தாலும் கேளுங்க. இந்த இரண்டு வாக்கியத்திலும் இல்லையும் கிடையாது, கேள்வியும் கிடையாது. 'எனி'யின் தயவில் உள்ளே வருகிறது.

'இஃப் அட் ஆல்' பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். நம் ஊர் அலுவலகச் சுற்றறிக்கைகளில் 'இஃப் அட் ஆல் யு நீட் லீவ், இன்ஃபார்ம் பிஃபோர் 10 ஏ.எம்.' என்று எழுதுவது வழக்கம். லீவு வேண்டுமானால் 10 மணிக்குள் சொல்லு, அவ்வளவுதான் எழுதியவரின் எண்ணம். வெறும் 'இஃப்'புக்குக் கொஞ்சம் எடை கூட்ட 'அட் ஆல்' சேர்த்திருக்கிறார். நமக்குள் இது புரியும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இதை இந்திய ஆங்கிலம் என்று விட்டுவிடலாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் இங்கிலாந்துக்காரரோ அமெரிக்கரோ படித்தால், 'உனக்கு லீவு தேவைப்படவே வாய்ப்பில்லை, அப்படியும் ஒருவேளை தேவைப்பட்டால்' என்ற சந்தேகத் தொனி அவர் காதில் விழும். அவர்கள் 'இஃப்'பையும் 'அட் ஆல்'லையும் பிரித்து வைப்பார்கள்: 'ஹி வில் கம் லேட், இஃப் ஹி கம்ஸ் அட் ஆல்.' லேட்டாத்தான் வருவான், அதுவும் வந்தால். சேர்ந்தே வருவது சில தொடர்களில்தான். 'இஃப் அட் ஆல் பாசிபிள்' ஒன்று, முடிந்தால் என்று பணிவாகக் கேட்பது. 'ரேர்லி, இஃப் அட் ஆல்' இன்னொன்று, எப்போதாவதுதான், அதுவும் நடந்தால். வெளிநாட்டுக்குப் போகிற கடிதத்தில் வெறும் 'இஃப்' போட்டால் ஒரு நஷ்டமும் இல்லை.

வேலை போகிற இடம் ஒன்று பாக்கி. நேர்முகத் தேர்வில் 'டு யு மைண்ட் வொர்க்கிங் நைட் ஷிஃப்ட்?' என்று கேட்பார்கள். பிள்ளையின் காதில் 'நைட் ஷிஃப்ட் பாப்பியா?' என்று விழுகிறது. ஆர்வத்தோடு 'யெஸ் சார், யெஸ் சார்' என்று தலையாட்டுகிறது. கேள்வியின் நேர்ப் பொருளோ 'நைட் ஷிஃப்ட் பார்க்க உனக்கு ஆட்சேபணை உண்டா?' என்பது. 'யெஸ்' என்றால் உண்டு, முடியாது. சொல்ல வேண்டிய பதில் 'நோ சார், நாட் அட் ஆல்.' ஆட்சேபணை இல்லவே இல்லை. 'நோ' என்று தொடங்குவதற்கு நம் பிள்ளைகளுக்கு வாய் கூசுகிறது, மறுத்துப் பேசுகிற மாதிரி இருக்கிறதாம். அதனால்தான் 'நோ'வைத் தனியே விடாமல் 'நாட் அட் ஆல்' என்பதையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லப் பழக்குகிறோம். வகுப்பில் 'மைண்ட்' கேள்வி 20 தயாராக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் யோசிக்காமல் பதில் வரும்வரை விடுவதில்லை. ஜன்னலைத் திறக்கலாமா, இங்கே உட்காரலாமா, கொஞ்சம் காத்திருக்கிறீர்களா என்று எல்லாவற்றுக்கும் அதே பதில்தான்.

'தேங்க் யு'வுக்குப் பதிலாகவும் 'நாட் அட் ஆல்' சொல்லலாம். அது நம்முடைய 'அட, இதுக்குப் போயி' மாதிரி. கொஞ்சம் பழைய பிரிட்டிஷ் பாணி. இப்போது 'யு ஆர் வெல்கம்', 'நோ ப்ராப்ளம்' தான் அதிகம் கேட்கிறது.

உச்சரிப்பில் ஒரு சங்கதி. தமிழில் எழுதியபடி 'ஆல்' என்று ஆலமரத்து ஆல் போலச் சொல்லக்கூடாது. உதட்டைக் குவித்து 'ஆ'வுக்கும் 'ஓ'வுக்கும் நடுவில் நீட்ட வேண்டும். அழுத்தம் இரண்டாவது சொல்லில்தான். இரண்டு சொல்லாக வெட்டியும் பேச மாட்டார்கள். முதல் சொல்லின் 'ட்' அடுத்த சொல்லின் மேல் தாவி, 'அ-டால்' என்று ஒரே சொல்லாகக் காதில் விழும். அமெரிக்கர் சொல்லும்போது அந்த 'ட' நம் 'அடா'வில் வருகிற டகரத்துக்குக் கிட்டத்தில் இருக்கும். கால் சென்டரில் சேர்ந்த புதிதில் 'அவர் என்னமோ பொம்மையைப் பற்றிக் கேட்கிறார்' என்று 'எ டால்' ஆகக் காதில் வாங்கிக்கொண்டு தேடுவது இதனால்தான்.

மாணவர் பக்கத்தைத் தயாரிப்பவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. இனி இப்படிப்பட்ட தொடர்களுக்கு ஒற்றைச் சொல்லில் பொருள் போடாமல், முதலில் நான்கு தமிழ் வாக்கியங்களைக் கொடுங்கள்: வரவே இல்ல, ஒரு பெட்டிகூட உடையல, அவரு வந்ததே பெரிசு, எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க. அவற்றுக்குக் கீழே ஆங்கிலத்தைப் போடுங்கள். மூன்று வரிக்குப் பதில் எட்டு வரி ஆகும், இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

அடுத்த வாரம் 'ஆஃப்டர் ஆல்' வரும் என்று அறிவிப்பு பார்த்தோம். அதற்கு 'எல்லாவற்றுக்கும் பிறகு' என்று போட்டுவிடாதீர்கள். பையன் கண்ணாடித் தம்ளரை உடைத்துவிட்டான், அப்பா கையை ஓங்குகிறார், பாட்டி குறுக்கே வந்து 'விடுப்பா, சின்னப் பையன்தானே' என்கிறாள். அந்தத் 'தானே'தான் 'ஆஃப்டர் ஆல்'.

இப்படிக்கு,
மாலைநேர ஆங்கில வகுப்பு ஆசிரியர்கள்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21.